பேதிக்குத் தண்ணியை நிறுத்தாதீங்க!

1. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வயிற்றுப்போக்கோட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட அடிக்கடி கேட்கிற மூணு விஷயம்:

"தண்ணி குடுத்தா இன்னும் போகுதுன்னு நிறுத்திட்டோம் சார்."
"மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டோம், நிக்கல."
"ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க."

மூணுமே பெரும்பாலும் தப்பு. முதலாவது உயிரையே எடுக்கும். ஏன்னு புரியணும்னா, குடல்ல கிருமி என்ன செய்யுதுன்னு தெரியணும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2. வாய்க்குள்ள போற எல்லாக் கிருமியும் நோய் தராது. முதல் காவல் வயித்துல சுரக்கிற அமிலம். ஆரோக்கியமான ஒருத்தருக்கு காலரா வரணும்னா கோடிக்கணக்கில் கிருமி உள்ள போகணும். அமிலத்தை மட்டுப்படுத்திட்டா சில ஆயிரமே போதும். டாக்டர் சொல்லாமலே வருஷக்கணக்கா தினமும் கேஸ் மாத்திரை போடுறவங்க இதை யோசிக்கணும். ஷிகெல்லா என்கிற சீதபேதிக் கிருமிக்கு இந்தக் கணக்கு கிடையாது. 10 முதல் 100 கிருமிகளே போதும். கை கழுவுங்கன்னு கத்துறது அதனாலதான்.

3. அமிலத்தைத் தாண்டினாலும், குடல் ஓடிக்கிட்டே இருக்கிற பாதை. எதையாவது பிடிச்சுக்காத கிருமி மலத்தோட வெளியே போயிடும். அதனால ஒட்டுறதுதான் அதோட முதல் வேலை. காட்டுப் பாதையில நடந்தா நாயுருவி விதை வேட்டியில ஒட்டுமே, அது மாதிரி. காலரா கிருமிக்கும், பேதி உண்டாக்கும் சில ஈ.கோலை வகைகளுக்கும் உடம்பைச் சுத்தி மெல்லிய இழைகள் இருக்கு. அதை வச்சுத்தான் சிறுகுடல்ல பிடிச்சு நிக்குது.

4. குழந்தைகளைத் தாக்குற இன்னொரு ஈ.கோலை இன்னும் கில்லாடி. பிடிமானத்துக்கான புரதத்தைத் தானே தயாரிச்சு, ஊசி போடுற மாதிரி நம்ம குடல் செல்லுக்குள்ள செலுத்தும். அந்தப் புரதம் செல்லோட மேற்பரப்புல வந்து நிக்கும். கிருமி அதையே பிடிச்சுக்கும். நம்ம வீட்டுச் சுவர்ல தன் ஆணியை அடிச்சு, தன் சட்டையை மாட்டிக்கிற ஆள்! 1997ல் கனடா விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடிச்சாங்க.

5. ஒட்டின பிறகு? காலரா கிருமி செல்லுக்குள்ள நுழையறதே இல்லை. வெளியில நின்னே நச்சை விடும். கிருமியே இல்லாத வடிகட்டின திரவம் மட்டுமே முயல் குடல்ல நீரைக் கொட்ட வைக்கும்னு 1959ல் நிரூபிச்சவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. அந்த நச்சு செல்லோட உப்புக் குழாயைத் திறந்துவிடுது. உப்பு போற பின்னாலயே தண்ணி போகுது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

6. இங்கதான் முக்கியமான விஷயம். சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கிற கதவு ஒண்ணு குடல்ல இருக்கு. அந்த நச்சால இதை மூட முடியல. சரியான அளவுல ரெண்டையும் கலந்து குடுத்தா, பேதி போய்க்கிட்டு இருக்கும்போதே தண்ணியும் உள்ளே ஏறும். அதுதான் ஓஆர்எஸ். 1971ல் வங்கதேச அகதிகள் பங்காவ்ன் முகாம்ல காலராவால சாகும்போது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் கையில போதுமான டிரிப்ஸ் இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் குடுத்தார். 30 சதவீதத்தை நெருங்கிய இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

7. ஆக, பேதி போறது கிருமியால. நீங்க குடுக்கிற தண்ணியால இல்லை. நிறுத்தினா பேதி நிக்காது, உடம்புதான் வத்தும்.

8. ஆன்டிபயாடிக்? குழந்தைகளுக்கு வர்ற பேதியில பெரும்பகுதி வைரஸ்தான், அதுக்கு இந்த மாத்திரை கேட்காது. அதோட, பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி குடல் பூரா இடம் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற நல்ல கிருமிகளை அது எழுப்பி விட்டுடும். காலி சீட்டுல யார் வந்து உட்காருவாங்க? சீதபேதி, காலரா, டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் வேணும்தான். அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

9. செய்ய வேண்டியது: முழு பாக்கெட்டையும், அதுல போட்டிருக்கிற அளவு தண்ணியில (பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர்) கரைங்க. காய்ச்சி ஆறின தண்ணி நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயசுக்குள்ள 50-100 மில்லி, அதுக்கு மேல 100-200 மில்லி. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கிருமி ஒட்டுறதையே தடுக்கிற பொருட்கள் அதுல இருக்கு. ஓஆர்எஸ்னு பேர் போட்ட டெட்ரா பாக்கெட் ஜூஸ் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பேரை வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கு.

10. இனி ஊர் விஷயம். 1992ல் மெட்ராஸ்ல ஓ139 என்கிற புது காலரா கிளம்புச்சு. கிருமி மேல்சட்டையை மாத்திக்கிட்டு வந்ததால, பழைய காலராவுக்கு எதிர்ப்பு சக்தி இருந்த பெரியவங்களையும் அது விடல. உடம்பு எதிர்ப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. தண்ணியைத்தான் காக்கணும். குழாய்ல நேரா மோட்டார் வச்சு உறிஞ்சினா, விரிசல் வழியா சாக்கடையும் சேர்ந்து வரும். குளோரின் வாடை அடிச்சா "தண்ணி கெட்டுப்போச்சு"ன்னு புகார் பண்றாங்க. வாடையே இல்லாத அன்னிக்குத்தான் கேள்வி கேட்கணும். கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கணும். ஆடிப்பூரத் தேருக்கு தண்ணிப் பந்தல் வைக்கிறவங்களும் இதைக் கவனிங்க. புண்ணியம் இரட்டிப்பாகும்.

11. கண் குழி விழுந்தா, 6 மணி நேரமா ஒண்ணுக்கு போகலைன்னா, மலத்துல ரத்தம் வந்தா, குழந்தை சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தா, குடிக்கிறதெல்லாம் வாந்தியா வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. டிரிப்ஸ் இவங்களுக்குத்தான். வர்ற வழியிலயும் ஓஆர்எஸ் குடுத்துக்கிட்டே வாங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓஆர்எஸ் இலவசம். இன்னிக்கே ரெண்டு பாக்கெட் வாங்கி அஞ்சறைப் பெட்டி பக்கத்துல வைங்க.