யாருக்கு ரகசியம்?

நம் வயதுக்காரர்கள் பலர் கையில் இப்போது ஒரே மாதிரியான ஆங்கில நாவலைப் பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் விமான நிலையத்தில் வாங்கி, வழியில் படித்துவிட்டு, திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று இங்கே போட்டுவிட்டுப் போவது. அட்டையைப் பார்த்தாலே போதும்: பாறைமேல் ஒரு பழைய வீடு, கீழே கடல், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். கதை இரண்டு காலங்களில் மாறி மாறி ஓடும். பேத்திக்கு வீடு சொத்தாக வரும். பூட்டிய அறை, பழைய பெட்டி, அதற்குள் டைரி. கடைசியில் ஒரு கொலையோ, கைமாறிய குழந்தையோ வெளிவரும். பேத்தி கொஞ்சம் அழுவாள், பிறகு அந்த ஊரிலேயே ஒரு நல்ல பையன் கிடைப்பான்.

பொழுதுபோக்குத்தானே, இதற்கு என்ன சண்டை என்று மாலை நேர நண்பர் ஒருவர் கேட்டார். பொழுதுபோக்கின் மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு கேள்விதான் உறுத்துகிறது. ரகசியம், ரகசியம் என்கிறார்களே, யாருக்கு ரகசியம்?

ஆஸ்திரேலிய எழுத்தாளர் கேட் மார்ட்டனின் 'தி ஃபர்காட்டன் கார்டன்' (2008) இந்த வகையில் பெயர் வாங்கிய நாவல். 1913இல் ஒரு சின்னப் பெண் குழந்தை தனியாக ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறாள். 2005இல் அவளுடைய பேத்திக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் ஒரு குடில் சொத்தாக வருகிறது. முடிச்சை நான் அவிழ்க்க மாட்டேன். அந்தக் குழந்தை யார் வயிற்றில் பிறந்தது என்பதுதான் விஷயம் என்று மட்டும் சொல்கிறேன். விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, இரண்டு இரவு எனக்கும் தூக்கம் போனது. ஆனால் சமையற்கட்டு, தோட்டம், குதிரை லாயம் என்று ஆள் வைத்து நடத்தும் மாளிகையில் ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாளா இல்லையா என்பது துணி வெளுக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். தெரியாமல் போனது சொத்துக்கு வாரிசாக வந்தவளுக்கு மட்டும். அவளுக்குத் தெரியாததை உலகத்துக்கே தெரியாதது என்று நம்மை நம்ப வைப்பதுதான் இந்த நாவல்களின் தந்திரம்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் பாட்டி, தாஃப்னி து மோரியேயின் 'ரெபெக்கா' (1938). அதையும் கடலோர மாளிகையையும் நம் தலைமுறையில் தெரியாதவர்கள் குறைவு. பள்ளியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு அது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அறிமுகம், மற்றவர்களுக்கு ஹிட்ச்காக்கின் படம். (படத்தில் கணவன் கொலைகாரன் அல்ல, அது விபத்து என்று மாற்றிவிட்டார்கள். மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி ஏற்காது. நாவலில் சுட்டவனே அவன்தான்.) அந்த நாவலில் பென் என்று ஒருவன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? புத்தி சற்று மந்தமானவன், கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு எந்நேரமும் அந்தக் கடற்கரையிலேயே திரிபவன். அங்கே யார் வந்தார், யார் போனார் என்று பார்த்தவன் அவன். கடைசியில் சாட்சி கேட்க அவனைக் கூட்டி வருகிறார்கள். எதிரே இருப்பவர் அதே வீட்டில் விருந்து சாப்பிடும் மாஜிஸ்டிரேட். பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பென் தான் எதுவும் பார்க்கவில்லை என்று சாதிக்கிறான், அனுப்பிவிடுகிறார்கள். படகு கட்டும் ஆசாரி ஒருவரும் வருகிறார். பலகையில் உள்ள ஓட்டைகள் உள்ளிருந்து போட்டவை என்று தொழில் தெரிந்தவராகச் சாட்சி சொல்கிறார். அதைக் கேட்டுத் தற்கொலை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

து மோரியே அம்மையார் கெட்டிக்காரி. பென்னின் பயத்தை மறைக்காமல் எழுதினார். அவர் வழியில் வந்தவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள், கடலை எடுத்துக்கொண்டார்கள், பென்னை விட்டுவிட்டு அவன் இடத்தில் ஒரு டைரியை வைத்துவிட்டார்கள். டைரிக்குப் பயம் கிடையாது, கூலி கேட்காது, வாரிசைப் பார்த்து 'உன் தாத்தா இப்படிச் செய்தார்' என்று முகத்துக்கு நேரே சொல்லாது.

இதைவிட வேடிக்கை அந்த அம்மையாரின் சொந்தக் குடும்பக் கதை. புரட்சியில் தப்பி இங்கிலாந்து வந்த பிரெஞ்சுப் பிரபுக்கள் நாங்கள் என்று அவர்கள் வீட்டில் தலைமுறைகளாகப் பேச்சு. அவர் பிரான்சுக்குப் போய் விசாரித்தார். தாத்தாவின் தாத்தா பெயர் ரொபேர் மத்துரேன் பியூசோன், கண்ணாடி ஊதும் தொழிலாளர் குடும்பம். கடனில் நொடித்து லண்டனுக்கு ஓடியவர். 'து மோரியே' என்பது ஒரு பண்ணை வீட்டின் பெயர், அதை அவரே ஒட்டிக்கொண்டார். 1963இல் 'தி கிளாஸ் ப்ளோயர்ஸ்' என்று அதையே நாவலாக எழுதினார். அதில் உண்மையைச் சொல்பவள் ஊரோடு தங்கிவிட்ட தங்கை. லண்டனில் பிரபு வேஷம், பிரான்சில் தங்கைக்கு எல்லாம் தெரியும். இதில் பூட்டிய அறை எங்கே இருக்கிறது?

நான் பதிவேடுகளோடு உத்தியோகம் பார்த்தவன். எத்தா சிவீல் பதிவேட்டில் பிறப்பை எழுதும்போது ஓரத்தில் இடம் விடுவார்கள். பின்னாளில் நடந்த கல்யாணம், மணமாகாமல் பிறந்த பிள்ளையைத் தகப்பன் ஏற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஓரத்தில் ஏறும். ஒன்றுக்கு இரண்டு பிரதி. அரசாங்கமே எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்திருந்தது. கடலோரத் தெருவில் பெரிய வீடு வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நகல் கேட்டு வருவார்கள். ஓரக்குறிப்பைப் படித்ததும் முகம் மாறும். 'இது யாருக்கும் தெரியாதே' என்பார்கள். அந்த வீட்டில் மூன்று தலைமுறை சமைத்தவளின் மகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பாள். அவளிடம் போய்க் கேட்டவரை நான் பார்த்ததில்லை. பால்கனியைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகவே அட்டையில் கடலும் மாளிகையும் போட்டு அடுத்த நாவல் எழுதப்போகும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த டைரியைக் கறையான் தின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பேத்தியைச் சமையற்கட்டு வழியாக நடக்க விடுங்கள், அங்கே இருக்கும் கிழவியிடம் கேட்கட்டும். கிழவி சொல்ல மறுத்தால் ஏன் மறுக்கிறாள் என்று நாலு அத்தியாயம் எழுதுங்கள். அப்படி ஒன்று வந்தால் பிள்ளைகள் விட்டுப்போகும் வரை காத்திருக்க மாட்டேன், பென்ஷன் காசில் நானே வாங்கிப் படிக்கிறேன்.