எடைக்கல்லையும் எடை போடுங்கள்!

காரைக்குடிக் கண்டாங்கியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அகலமான கரை, கட்டமும் கோடும், செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள். செட்டிநாட்டு ஆச்சிமார் தலைமுறை தலைமுறையாக உடுத்தி வந்த கைத்தறிப் புடவை அது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வேறெங்கோ நெய்த சரக்கை அந்தப் பெயர் சொல்லி விற்பது முறையல்ல என்பதே அதன் பொருள்.

முன்பெல்லாம் கடைக்குப் போவோம். முந்தானையை விரித்துப் பார்ப்போம். நூலை விரலால் நெருடிப் பார்ப்போம். இப்போது கைபேசியில் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். தொட்டுப் பார்த்தால் கண்ணாடிதானே விரலில் படுகிறது! கைத்தறி என்று நம்பிப் பணம் கட்டி, விசைத்தறிச் சேலையைப் பெற்றுக்கொண்டால் வயிறு எரியத்தான் செய்யும். அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறார்கள், டெலிவிஷனில் பேசுகிறார்கள். எழுதட்டும், பேசட்டும். பொது ஜனங்களுக்காகக் காவல் இருப்பது நல்ல காரியந்தான். ஆனால் பிறர் சரக்கை எடை போடுகிறவரின் எடைக்கல் சரியாக இருக்க வேண்டாமா?

நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 'இணையத்தில் விற்கும் கண்டாங்கி எல்லாம் போலி' என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்புப் போட்டால் என்ன ஆகும்? ஏமாற்றியவன் மறுநாளே வேறு பெயரில் கடை விரித்துவிடுவான். காரைக்குடியில் நேர்மையாகத் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியால் பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா? அடி அவர் தலையில்தான் விழும். அதற்காக எழுதாமலே இருந்துவிட்டால் நம் பணம் போகிறது. ஆகவே, சரியாக எழுதுவது ஒன்றுதான் வழி.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1936-இல் அமெரிக்காவில் தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒன்று, சாதாரண ஜனங்களைப் போலவே கடையில் விலை கொடுத்துச் சாமான் வாங்கிப் பரிசோதித்து, முடிவைத் தன் பத்திரிகையில் வெளியிட்டு வருகிறது. அந்தப் பத்திரிகை விளம்பரம் வாங்குவதில்லை. நம் தேசத்தில், 1966-இல் பம்பாயில் ஒன்பது குடும்பப் பெண்கள் கூடி நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுப்படியைக் கவனித்தவர்களே கடைத்தெருவையும் கவனிக்கப் புறப்பட்டார்கள்!

இனி, இணையக் கடையைக் குறை கூறும் கட்டுரை எதையாவது படித்தால், ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, யார் பணத்தில் வாங்கிய பொருள்? கடைக்காரர் இலவசமாக அனுப்பியதைப் புகழ்வதும், அவருடைய போட்டியாளர் கொடுத்ததை வைத்து இகழ்வதும் ஒரே ரகந்தான். வாங்கியதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அத்தாட்சி எங்கே? ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், பார்சல் மேல் ஒட்டிய சீட்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும். புடவையைத் தறி தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்க வேண்டும். நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போதாது. விற்பவரே வாங்கியவர் போல வேஷம் போட்டு மதிப்புரை எழுதக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் தடுக்கின்றன. நடக்காத காரியத்துக்குத் தடை எதற்கு, சொல்லுங்கள்! இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரத்தை வகுத்தது.

மூன்றாவது, குற்றவாளி யார்? சந்தை நடத்துகிறவர் ஒருவர். அதில் கடை போட்டு விற்கிறவர் வேறொருவர். இரண்டையும் குழப்பக் கூடாது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒளியவும் விடக் கூடாது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமுத்திரை விதிக்கு ஒவ்வாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த விற்பனையில் கட்டணமாகச் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய் பெற்ற பிறகு, பொறுப்பை மட்டும் தட்டிக் கழிக்க முடியாது என்பது ஆணையத்தின் வாதம். நிறுவனம் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அபராதத்தை மட்டும் சொல்லி வழக்கைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மை. பாதி உண்மை, முழுப் பொய்யைவிட நெடுந்தூரம் நடக்கும்.

நான்காவது, எதிர்த்தரப்பின் பதில் என்ன? புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. அந்த அவகாசம் கொடுத்தார்களா? பதில் வந்ததா? வராவிட்டால் "கேட்டோம், பதில் இல்லை" என்றாவது எழுதினார்களா?

ஐந்தாவது, பிறகு என்ன நடந்தது? பணம் திரும்பி வந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். தவறாக எழுதியிருந்தால், குற்றச்சாட்டை எங்கே எவ்வளவு பெரிதாகப் போட்டார்களோ, அந்த அளவுக்குத் திருத்தமும் வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டு ஒப்பேற்றுவது திருத்தம் ஆகாது.

இதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள். புடவை சரியில்லை என்று நாலு வரி எழுதி நாலு பேர் பார்க்கப் போடும்போது, நீங்களும் பத்திரிகைக்காரர்தான்! விற்றவர் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் காட்ட வேண்டியது சந்தை நடத்துகிறவரின் கடமை. குறை தீர்க்கும் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதன் பிறகு, நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் ஊரறிய எழுதுங்கள். அந்த நாலு வரி உங்களுக்கும் பணத்தைத் திருப்பித் தரும். நல்ல நெசவாளியின் தறியையும் ஓட வைக்கும்.