சோலாரிஸும் தும்பாக் கடலும்

வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரன் நான். டெக்னோபார்க் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கழக்கூட்டத்தில் வீடு பிடித்த பிறகுதான் கடல் பக்கத்தில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தும்பா பக்கம் மணலில் உட்கார்ந்து, ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய 'சோலாரிஸ்' நாவலை இரண்டாவது தடவையாக முடித்தேன். அந்த நாவலைப் படிக்க இதைவிடப் பொருத்தமான கரை கிடையாது என்பது என் கட்சி.

(கதை தெரிந்துவிடக்கூடாது என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடவும்!)

1961ல் போலிஷ் மொழியில் வந்த நாவல். இரண்டு சூரியன்களைச் சுற்றும் ஒரு கிரகம், கிட்டத்தட்ட முழுக்கக் கடல். அந்தக் கடலுக்கு உயிர் இருக்கிறது, ஒருவேளை அறிவும் இருக்கிறது. மனிதர்கள் விண்கலத்தில் போய், மேலே ஒரு நிலையம் கட்டித் தலைமுறை தலைமுறையாக ஆராய்கிறார்கள். கெல்வின் என்ற உளவியலாளர் அங்கே போய் இறங்குகிறார். கடல், பத்து வருடம் முன்பு தற்கொலை செய்துகொண்ட அவர் மனைவியை அச்சு அசலாகச் செய்து அவர் அறைக்கு அனுப்பிவைக்கிறது. தண்டனையா, பரிசா, விளையாட்டா? கடைசிவரை தெரியாது.

தார்க்கோவ்ஸ்கி 1972லும் சோடர்பெர்க் 2002லும் படமாக எடுத்ததால், பலருக்கு இது செத்த மனைவி திரும்பி வரும் காதல் கதை. லெம்முக்கு இரண்டு படங்களும் பிடிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர், எல்லோரும் புரட்டித் தள்ளுகிற அந்த நூலகப் பக்கங்களில்தான் இருக்கிறது. கடல் எழுப்பும் வடிவங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, வகை பிரித்து, அலமாரி அலமாரியாகப் புத்தகம் எழுதிவிட்டார்கள். கடலோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கடைசியில் கெல்வினின் மூளை அலைகளை எக்ஸ் கதிரில் ஏற்றிக் கடலின் மேல் பாய்ச்சுகிறார்கள். போய்ச் சேர்ந்ததா, புரிந்ததா, வலித்ததா? யாருக்கும் தெரியாது.

இப்போது தும்பாவுக்கு வருகிறேன். காந்த நிலநடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடும் மின்னோட்டத்தை அளக்க ஏற்ற இடம் என்று விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். மீனவர்கள் புனித மரிய மக்தலேனா ஆலயத்தைக் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்தார்கள். 1963 நவம்பர் 21ல் முதல் ராக்கெட் போனது. சைக்கிளில் ராக்கெட்டின் மூக்கு போகும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

இடம் பெயர்ந்தவர்களிடமும் ஒரு விஞ்ஞானம் இருந்தது, இருக்கிறது. கரையில் தெரியும் கோபுரம், தென்னை, பின்னால் உள்ள மலை என்று இரண்டிரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடித்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரைக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்குக் 'கணிச்சம்' என்று பெயர். எந்தக் கருவியும் வேண்டாம்.

இந்த இரண்டு விஞ்ஞானங்களும் அறுபது வருடமாக ஒரே மணலில் இருக்கின்றன. பேசிக்கொண்டனவா? 2017 நவம்பர் 30ல் ஓக்கி வந்தது. எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கனவே நடுக்கடலில் இருந்தன. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள் அல்லது திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 2019ல் வந்த ஜெமினி கருவியில் படகுக்குச் செய்தி வரும், படகிலிருந்து ஒரு சொல் திரும்பிப் போகாது. படித்தபோது எனக்கு அந்த எக்ஸ் கதிர்தான் ஞாபகம் வந்தது. இப்போது இருவழிக் கருவிகள் வந்திருக்கின்றன. இந்தக் கரையிலேயே சில ஆய்வாளர்கள் மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு முன்னறிவிப்பு செய்து பார்த்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆபத்து என்று கூப்பிடும் பொத்தான் மட்டும் உரையாடல் ஆகிவிடாது. "இன்றைக்கு நீரோட்டம் மாறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது எந்தக் கணக்கில் ஏறும்?

நம் எழுத்தாளர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தகழியின் 'செம்மீன்' கடலம்மாவும் வீட்டுக்குள் வந்து மனைவியின் கணக்கைப் பார்க்கிறவள்தான். சோலாரிஸுக்கு அக்கா என்று சொல்லலாம். ஆனால் கடலம்மாவின் மனசு எல்லோருக்கும் தெரியும், அவளுக்குச் சட்டம் உண்டு. தமிழில் சுஜாதா ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொடுத்தார், பேசிப்பேசியே நம்மை மயக்கியது. பேசாத, புரியாத ஒரு கடலை இவ்வளவு நீளக் கரை வைத்திருக்கும் நாம் எழுதி நான் படித்ததில்லை.

மணலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்ன புத்தகம் என்று கேட்டார். "ஒரு கிரகம் சேட்டா, முழுக்கக் கடல், கரையே கிடையாது" என்றேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கர இல்லெங்கில் கணிச்சம் எங்ஙன பிடிக்கும் மோனே?"

நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. நாவலை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.