சுபேதார் பட்டதை யார் எழுதினார்கள்?

நெப்போலியனோடு மோதிய ஆங்கிலேயப் படையில் மீசை முளைக்காத பையன்களெல்லாம் அதிகாரிகள். அவர்கள் நனைந்த கூடாரம், பட்ட பசி, முதல் குண்டுச் சத்தத்தில் கை நடுங்கியது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிரனீஸ் மலைப்பக்கம் சண்டையிட்ட கிளெய்க் என்ற இளைஞர் தன் அனுபவத்தை 1825இல் 'தி சபால்டர்ன்' என்று எழுதினார். படிக்கட்டும். அந்தப் பிள்ளையின் பயமும் பயம்தான். அதே காலத்தில் அதே கொடிக்காகச் செத்த எங்கள் ஆட்கள் பட்டதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கும் எங்களுக்கு ஐரோப்பியர் சண்டை தூரத்துச் சங்கதி இல்லை. தியாகதுருகத்தையும் எலவானாசூரையும் 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் படையுதவிக்கு விலையாக ஹைதர் அலிக்குக் கொடுத்தார்கள். யார் ஊரை யார் கொடுப்பது? அடுத்த வருடமே தியாகதுருகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1790இல் திப்புவின் படை வந்து முட்டியபோது அந்த மலைக்கோட்டையைக் காத்தவர் என்று கேப்டன் பிளின்ட் பெயர் நிற்கிறது. அவரோடு மலைமேல் நின்றவர்கள் யார்? அவர்கள் வீட்டில் யார் அழுதார்கள்?

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அப்போது இந்தியன் ஏறக்கூடிய உச்சி சுபேதார் பதவி. ஆயுள் பாதியைக் கொடுத்து அங்கே வந்தவர், நேற்றுக் கப்பலிறங்கிய பதினாறு வயதுத் துரைக்குக் கீழே நிற்க வேண்டும். நரைத்த மனிதர் அந்தச் சிறுவனின் ஏவலுக்குக் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கொதிக்கிறது.

1806இல் அதுவும் போதவில்லை. நெற்றியில் நீறோ நாமமோ கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையை வை என்றார்கள். மறுத்தவர்களில் இருவருக்கு 900 கசையடி. தொள்ளாயிரம்! ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் ஆட்கள், பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு விசாரணை நடத்தி, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள்.

உத்தரவு போட்டவர்களுக்கு என்ன ஆனது? தளபதி கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்தார்கள், அவ்வளவுதான். 1808இல் போர்ச்சுகலில் இருந்த ஆங்கிலேயப் படையை அதே கிராடக் கையில் கொடுத்தார்கள். 1819இல் அவர் ஹவுடன் பிரபு. பெண்டிங் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். இதற்குப் பெயர் தண்டனையா?

வேலூரை மறக்கச் சொல்லிவிட்டு, 1810இல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த போர்போன் தீவையும் மொரிஷியஸையும் பிடிக்கச் சென்னைச் சிப்பாய்களையே கப்பலேற்றினார்கள். கடல் கடந்து போன அந்த மனிதன் அலையில் என்ன பட்டான், யாரை நினைத்தான்? அவன் கையெழுத்தில் ஒரு வரி கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கிறேன்.

வேலூரில் எழுந்த பட்டாளங்களின் எண்களையே படைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஷேக் ஆதம், ஷேக் காசிம் போன்ற சிலரின் பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் அவர்களைக் கொன்றவர்கள் எழுதிய விசாரணைக் காகிதத்தில், குற்றவாளி என்ற பட்டத்தோடு.