சொட்டுக் கணக்கும் சர்க்கார் கணக்கும்

ராயபுரத்துப் பனியன் தொழிலாளி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் தம் தாயாருக்குக் குளுக்கோஸ் மெதுவாக இறங்குகிறதென்று, குழாயிலுள்ள சிறு சக்கரத்தை அவரே தளர்த்திவிட்டாராம். "நர்சம்மாவைக் கூப்பிட்டேன், வரவில்லை" என்றார்.

தோழர்களே, அந்தச் சக்கரத்தில் நாம் கை வைக்கக் கூடாது. மடையை அளவறிந்து திறக்க வேண்டும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். இதுவும் ஒரு மடைதான்.

500 மில்லி மருந்து 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். பெரிய சொட்டுக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி என்றால், மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிஷம். ஆக, நிமிஷத்துக்கு 42 சொட்டு. சிறு சொட்டுக் குழாயிலோ 60 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. நிமிஷத்துக்கு 125 சொட்டு விழ வேண்டும். அதைக் கவனியாமல் 42 என்றே வைத்தால், 4 மணி நேர மருந்து 12 மணி நேரம் இழுக்கும். பொட்டாசியம் கலந்த மருந்து வேகமாக ஓடிவிட்டாலோ இருதயமே நின்றுவிடலாம்.

பீஸ் ரேட்டும் பஞ்சப்படியும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். பஞ்சப்படிக்காக 1984ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இந்தக் கணக்கு நமக்கே விளங்கும்போது நர்சுக்கு விளங்காதா? பிழை கணக்கில் இல்லை, ஆள் கணக்கில் இருக்கிறது.

வாட்சைப் பார்த்துச் சொட்டை எண்ண ஒரு நோயாளிக்கு ஒரு நிமிஷம் வேண்டும். அவர் கையை மடக்கினால் வேகம் மாறும். மறுபடி எண்ண வேண்டும். இரவு ஷிப்டில் 40 நோயாளிக்கு ஒரே நர்ஸ் என்றால், ஒரு சுற்று எண்ணவே 40 நிமிஷம்! ஊசியும் மாத்திரையும் யார் கொடுப்பது? ஆளைக் குறைத்து மிஷினைக் கூட்டினால் என்ன ஆகுமென்று மில் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டுமா? அங்கே அறுவது நூல், இங்கே உயிர்.

போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். ஆட்சியாளர்கள் செய்தது என்ன? 2015ல் பரீட்சை எழுதித் தேறியவர்களை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வைத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அந்த நர்சுகள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட வேண்டியதாயிற்று. கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31உடன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நர்சோடு சண்டை போடுவதை விடுவோம். நர்ஸ் போதாதென்று சர்க்காரோடு சண்டை போடுவோம். காலியிடங்களை நிரப்பு! ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்கு! இது அவர்கள் கோரிக்கை மட்டுமல்ல. அந்தக் கட்டிலில் படுக்கப் போகிற நம் கோரிக்கை.