பெங்களூரு தண்ணீர்ப் பிரச்னை: உங்க ஃபிளாட்டில் உண்மையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பெங்களூருவுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் தண்ணீர். நகரத்தோடு பிற்பாடு சேர்க்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்கும் இனி குழாயில் காவிரி வரும் என்றார்கள். நான்கே மாதம்தான். 2025 பிப்ரவரியில் நகரக் குடிநீர் வாரியம் முந்தைய கோடையில் போட்ட அதே உத்தரவை மறுபடி வெளியிட்டது. குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம்.

இவ்வளவு பெரிய திட்டம் வந்த பிறகும் ஏன் இந்த உத்தரவு? நீங்கள் பெங்களூருவில் வேலை பார்க்கும் பல்லாயிரம் தமிழர்களில் ஒருவர் என்றால், பதிலில் ஒரு பகுதி உங்க ஃபிளாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

56 ரூபாயும் 700 ரூபாயும்

2024 மார்ச் ஞாபகம் இருக்கும். மாநகராட்சியின் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே.சிவக்குமார் சொன்னார். தன் வீட்டு போரே வற்றிவிட்டது என்றும் சொன்னார். டேங்கர் விலை கண்டபடி ஏறியதால் மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு வைத்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அன்றைக்குத் தனி வீட்டுக் காவிரி இணைப்பில் முதல் 8,000 லிட்டருக்குக் கட்டணம் ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அதாவது 8,000 லிட்டருக்கு 56 ரூபாய். அதே 8,000 லிட்டர் டேங்கரில் 700 ரூபாய், அதுவும் அரசு வைத்த விலையில். 2014-க்குப் பிறகு முதல் முறையாக 2025 ஏப்ரலில் குழாய்க் கட்டணம் ஏறியது. அப்படியும் இந்த இடைவெளி பெரிதாக மாறவில்லை.

குழாய்த் தண்ணீர் உண்மையில் மலிவானது இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் பண்ணித்தான் காவிரி பெங்களூருக்கு வருகிறது. வாரியத்தின் பெரிய செலவே கரண்ட் பில்தான். காவிரி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்ததே, அதில் 4.75 டி.எம்.சி. இந்த நகரத்தின் குடிநீருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஊரில் டெல்டா சொந்தக்காரர்களோடு காவிரி பற்றிப் பேச்சு வந்தால், உங்க பாத்ரூம் குழாயும் அந்த வழக்கில் ஒரு தரப்பு என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

சரி, இந்த விலை வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை. காரணம் மெயின்டனன்ஸ். பல அபார்ட்மென்ட்களில் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து மெயின்டனன்ஸில் சேர்த்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு நாளைக்கு 100 லிட்டர் செலவழித்தாலும் 400 லிட்டர் செலவழித்தாலும் ஒரே பில். பிறகு யாருக்கு மிச்சம் பிடிக்கத் தோன்றும்?

மூன்றில் ஒரு பங்கு ஃப்ளஷ்ஷில்

நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுபவர்கள் வைத்திருக்கும் அளவு. அதில் 45 லிட்டர் டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்குப் போகும் என்றே கணக்கு வைக்கிறார்கள். நாலு பேர் வீட்டில் 180 லிட்டர். 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து ஏற்றிக் கொண்டுவந்த குடிநீர், ஒரு பட்டனில் போகிறது.

பல் தேய்க்கும்போது குழாயை மூடணும் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சரியான அறிவுரைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போவதிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ஒழுகல். கொஞ்சம் கேசரி பவுடரை ஃப்ளஷ் டேங்கில் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்க. கோப்பைக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் உள்ளே வால்வு ஒழுகுகிறது. ரப்பர் வாஷர் மாற்றும் வேலைதான், பிளம்பர் ஒரே விசிட்டில் முடிப்பார். சத்தமே இல்லாமல் இரவு பகலாகப் போகும் தண்ணீர் இது. குழாய் சொட்டினால் காதில் விழும், இது விழாது.

அடுத்து அந்த இரண்டு பட்டன். சின்னது பொதுவாக 3 லிட்டர், பெரியது 6. எது எதற்கென்று பார்க்காமல் இரண்டையும் சேர்த்து அழுத்துபவர்கள்தான் நம்மில் அதிகம், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும் சேர்த்து. பழைய ஒற்றை பட்டன் டேங்க் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வால்வில் இடிக்காமல் உள்ளே வையுங்க. ஒவ்வொரு ஃப்ளஷ்ஷிலும் ஒரு லிட்டர் மிச்சம். நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் மாதம் 600 லிட்டர்.

அடுத்தது கிச்சன் குழாய். 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, முழுசாகத் திறந்து, மொபைலில் ஸ்டாப்வாட்ச் போடுங்க. 50 விநாடியில் நிறைந்தால் உங்க குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் தருகிறது. பாத்திரம் தேய்க்க இவ்வளவு வேகம் தேவையே இல்லை. குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் காற்றைக் கலந்து விடுவதால், 5 லிட்டரிலேயே அதே வேலை நடக்கும். விலை நூறு, இருநூறு ரூபாய். நாளுக்கு 15 நிமிடம் குழாய் ஓடினால் 105 லிட்டர், மாதத்துக்கு 3,150 லிட்டர் மிச்சம். 2024-ல் அடுக்குமாடிகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் வாரியம் இதைக் கட்டாயமாக்கியது. போர் தண்ணீர் வரும் இடங்களில் சில மாதத்திலேயே உப்பு அடைத்துக்கொள்ளும். "பிரஷர் இல்லை" என்று கழற்றிப் போட வேண்டாம், ஒரு இரவு வினிகரில் ஊறவைத்தால் போதும்.

ஆர்.ஓ. வேண்டுமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசணும். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பெரும்பாலும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவுக் குழாயில் போகும். குடிக்க, சமைக்க நாளுக்கு 10 லிட்டர் எடுத்தால் 30 லிட்டர் சாக்கடைக்கு. மாதம் 900 லிட்டர்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. அப்படிப்பட்ட இடங்களில் அதைத் தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. காவிரித் தண்ணீர் பொதுவாக அந்த அளவுக்குள்தான் இருக்கும். டி.டி.எஸ். மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளந்து பாருங்க. குறைவாக இருந்தால் கிருமிக்கு யு.வி. ஃபில்டரோ கொதிக்க வைப்பதோ போதும். உங்களுக்கு வருவது போர் அல்லது டேங்கர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தேவைப்படலாம். அப்போது கழிவு டியூபை ஒரு வாளிக்குத் திருப்பிவிடுங்க. தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற அது தாராளமாக ஆகும். உப்பு அதிகம் என்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் வேண்டாம்.

வாஷிங் மெஷினை நிறைத்து ஓட்டுவது, ஷவருக்குப் பதில் வாளியும் மக்கும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. இந்தியாவில் பயன்படும் தண்ணீரில் 80 சதவீதத்துக்கும் மேல் விவசாயத்துக்குப் போகிறது. உங்க கிச்சன் குழாயால் நாட்டின் தண்ணீர்க் கணக்கு மாறிவிடாது. ஆனால் நிலத்தடி நீர் அந்தந்த இடத்துச் சொத்து. உங்க அபார்ட்மென்டுக்கு வரும் டேங்கர் காவிரியிலிருந்து வரவில்லை. நகர விளிம்பில் யாரோ ஒருவர் நிலத்தில் போட்ட போரிலிருந்து வருகிறது. அதே நிலத்தடி நீரை நம்பித்தான் பக்கத்துக் குடியிருப்புகளும் இருக்கின்றன. உங்க வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் வீடு அங்கே இருக்கலாம். 2024 கோடையில் பல இடங்களில் பொது ஆர்.ஓ. நிலையங்களில் ஆளுக்கு ஒரு 20 லிட்டர் கேன்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நமக்கு டேங்கர் வந்துகொண்டிருந்த அதே வாரங்களில், நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவர்கள் அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள்.

மேலே சொன்ன பாட்டில், ஏரேட்டர், ஆர்.ஓ. மூன்றையும் கூட்டினால் ஒரு வீட்டுக்கு மாதம் 4,650 லிட்டர். 100 ஃபிளாட் உள்ள அபார்ட்மென்டில் 4.65 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் 38-க்கும் மேல். 2024 உச்சவரம்பு விலையில் போட்டாலும் மாதம் 38,000 ரூபாய்.

இந்தக் கணக்கை அடுத்த அசோசியேஷன் மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போங்க. ஃபிளாட்டுக்கு ஒரு மீட்டர் என்று கேட்டால் எதிர்ப்பு வரும். குழாய் அமைப்பைப் பிரிக்கணும், செலவாகும், பழைய கட்டடம் என்பார்கள். பாதி உண்மைதான், சில கட்டடங்களில் ஒரு வீட்டுக்கே நாலைந்து இடத்தில் குழாய் இறங்கும். அதுவரை செலவில்லாத ஒன்றைக் கேளுங்க. இந்த மாதம் எத்தனை டேங்கர் வந்தது, எவ்வளவு பணம் கொடுத்தோம் என்ற இரண்டு எண்களை மட்டும் மாதாமாதம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்க. வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம், மெயின்டனன்ஸ் கட்டுவது பெரும்பாலும் அவர்தான்.