சகதியில் ஓட்டட்டும்... சரியாக ஓட்டட்டும்!

"டாக்டர், குண்டு டயர் சைக்கிள் வாங்கித் தந்ததே தப்பாப் போச்சு. மண்மேடு, சகதின்னு ஒண்ணையும் விடமாட்டேங்கறான். நிறுத்தச் சொல்லுங்க!" தாம்பரம் சுற்றுவட்டாரப் பெற்றோர்களின் புகார் இது.

நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் குளிர்காலச் சகதியில் ஓட்டி, தடை வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற 'சைக்ளோகிராஸ்' போட்டிக்கு 1950 முதல் உலகப் பட்டமே உண்டு. மலைச் சைக்கிள் பந்தயம் 1996-ல் ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது. மழைக்கு மறுநாள் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போய்ப் பாருங்கள்... நமக்குத் தனியாகத் திடலே வேண்டாம்! லாரிகள் பறக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கு மண்பாதை எவ்வளவோ மேல். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் மட்டும் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது.

சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டே ஓட்டினால் சுண்டுவிரல் மரத்துப் போகும். ஹெல்மெட் கட்டாயம். வியர்த்து வந்தால் உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள்.

முக்கியமான விஷயம்... தோள் தரையில் மோதி விழுந்தால் காறை எலும்பு முறியலாம். வீக்கத்தைப் பார்த்ததும் எண்ணெய் போட்டு நீவாதீர்கள்! சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், முதலில் எக்ஸ்ரே. முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு எண்ணெயைப் பற்றிப் பேசலாம். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான்.

விழுந்து வருகிற பையனைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து வலியை மறைக்கிற பிள்ளையை நினைத்தால்தான் எனக்குக் கவலை!